ஆறுக்கு நாலு

விக்டரி கிளப் என்று பெயர். யாருடைய வெற்றி என்று கேட்கக் கூடாது. யுத்தத்தில் வெள்ளைக்காரன் ஜெயித்த வருஷம் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் திறந்து வைத்தது. அவன் மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கால் நூற்றாண்டு ஆகியும், அவன் உட்கார்ந்த சாய்வு நாற்காலியையும், எதிரில் நிற்பவன் முகத்தைப் பார்க்காமலே பேசும் அவன் பழக்கத்தையும் காஞ்சிபுரத்துப் பெரிய மனிதர்கள் பத்திரமாகக் காப்பாற்றி வந்தார்கள்.

அந்தக் கிளப்பின் மார்க்கர் கைலாசம். மார்க்கர் என்றால், சம்பளம் வாங்கிக்கொண்டு உறுப்பினர்களோடு டென்னிஸ் ஆடுகிறவன். செம்மண் தரைக்குச் சாணம் தெளித்து உருளை இழுப்பது, வலை கட்டுவது, சுண்ணாம்பில் கோடு போடுவது, பந்து பொறுக்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். நெசவுக்காரக் குடும்பம். தறியை அண்ணனிடம் விட்டுவிட்டு இளவயதில் கிளப்புக்கு வந்தவன், வந்த இடத்தில் மட்டையைப் பிடித்தான், அது கையோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் அவனுடைய ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவர் ஊரில் ஒருவரும் இல்லை. ஏனென்றால் அவன் வேலை ஆடுவதல்ல, தோற்பது.

அதிலும் சும்மா தோற்றுவிட முடியாது. கிளப் தலைவர் பரசுராமன் பட்டு ஜவுளி முதலாளி, கோயில் தர்மகர்த்தா, சர்க்கரை வியாதிக்காரர். தினமும் காலையில் நன்றாக வேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு செட்டில் ஆறு கேம் எடுத்தவன் ஜெயித்தவன். ஆறுக்கு சைபர் என்று தோற்றால் "இன்னாப்பா, தூங்கிக்கினே ஆடறியா?" என்று கோபிப்பார். ஏழுக்கு ஐந்து என்று இழுத்தால் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். ஆறுக்கு நாலுதான் அவர் உடம்புக்கும் மனசுக்கும் ஒத்துக்கொண்டது. தலைவருக்குக் குனியும் பழக்கம் இல்லாததால் பந்து இடுப்பு உயரத்துக்கு வர வேண்டும். ஓடவும் மாட்டார் என்பதால் கைக்கு எட்டும் தூரத்தில் வர வேண்டும். தமக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் கைலாசம் வருஷக் கணக்காகப் பார்த்துக்கொண்டான். ஆட்டம் முடிந்ததும் கிளப் காரியதரிசி ராமலிங்கம் வாசல் கரும்பலகையில் "தலைவர் 6, மார்க்கர் 4" என்று சாக்பீஸால் எழுதுவார். அவர் ஓய்வுபெற்ற சப்-ரிஜிஸ்திரார். எழுதிவிட்டால் பத்திரம் பதிவான மாதிரி.

இந்தக் கரும்பலகையைத் தினமும் பார்த்துப் பார்த்துத்தான் தலைவருக்கு அந்த ஆசை வந்தது. தாம் ஒரு பெரிய ஆட்டக்காரர் என்பது இந்த ஊருக்குள்ளேயே முடங்கிப் போகலாமா? எழுபத்திரண்டாம் வருஷம் கோடையில் கமிட்டியைக் கூட்டினார். அகில இந்திய அளவில், பரிசுப் பணம் கொடுத்து, தொழில்முறை ஆட்டக்காரர்களை வரவழைத்து, ஆண்கள் ஒற்றையர் போட்டி நடத்துவது என்று தீர்மானமாயிற்று. கைலாசம் கூட்டத்துக்கு சோடா கொண்டுபோனவன், அப்படியே கதவோரம் நின்று கேட்டான்.

"டென்னிஸ் கனவானுங்க ஆட்டம். காசுக்கு ஆடறது கேவலம்னு நாமெல்லாம் ரொம்ப நாளா சொல்லிக்கினு இருந்தோம்" என்றார் தலைவர். "இப்ப லண்டன்லயே காசுக்கு ஆடலாம்னுட்டான். ஆகவே இனிமே அது கேவலம் இல்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். கைலாசம் மட்டும் சோடாத் தட்டைக் கீழே வைக்க மறந்து நின்றான். அடுத்த கூட்டத்துக்கும் அவனே சோடா கொண்டுபோனான். வெளியூர் ஆட்டக்காரர்கள் ஆறு பேர் வருகிறார்கள். போட்டியை நடத்துகிறவர் என்ற முறையில் தலைவர் ஏழாவது. கரும்பலகையை ஆதாரமாக வைத்து அவரை தரவரிசையில் முதலிடத்தில் போட்டாயிற்று. எட்டாவதாக வருகிறேன் என்றவர் வரவில்லை என்று தந்தி அடித்துவிட்டார். ஏழு பேரை வைத்துக்கொண்டு ஜோடி சேர்க்க முடியவில்லை என்று ராமலிங்கம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"நான் ஆடட்டுங்களாய்யா?" என்றான் கைலாசம்.

சோடா டம்ளர் பேசியிருந்தால்கூட அவர்கள் அவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டார்கள்.

"நீ எப்படிப்பா?" என்றார் தலைவர், அவன் முகத்தைப் பார்க்காமல். "இது தொழில்முறைப் போட்டி."

"எனக்கு அதுதாங்களே தொழிலு."

"காசுக்கு ஆடறவன் ப்ரொஃபஷனல். சம்பளத்துக்கு ஆடறவன் வேலைக்காரன். ரெண்டையும் போட்டுக் கொழப்பக் கூடாது."

கடைசியில் ஆள் கிடைக்காத ஒரே காரணத்தால் சேர்த்துக்கொண்டார்கள். நிபந்தனைகளை ராமலிங்கம் படித்தார். மேற்படி கைலாசம் முன்வாசல் வழியாக வரக் கூடாது. உடை மாற்றும் அறைக்குள் நுழையக் கூடாது. தரைக்கு உருளை இழுத்து, கோடு போட்டுவிட்டுத்தான் தன் ஆட்டத்துக்கு வர வேண்டும். தன் ஆட்டத்தின்போதும் பந்து பொறுக்கும் பொறுப்பு மேற்படியாரையே சேரும். கைலாசம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். நிஜமான ஆட்டக்காரன் ஒருவன் எதிரே நிற்க, கையை முழுதாக வீசி ஒரு தடவை ஆட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

வீட்டில் அவன் பெண்டாட்டி கலாவதி ராட்டையில் பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னான்.

"தோக்கறதுக்கா கூப்ட்டுக்கினு இருக்காங்கோ?" என்றாள்.

"இல்லம்மே. ஆடறதுக்கு."

அவள் ராட்டையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "தெருவுல உன்ன இன்னா சொல்றாங்கோ தெரியுமா? தோக்கறதுக்குச் சம்பளம் வாங்கறவன்றாங்கோ. நானும் கேட்டுக்கினு போறேன். ஒரு தபா, ஒரே ஒரு தபா நீ ஜெயிக்கறத அவங்க பாக்கட்டும்."

வெளியூர்க்காரர்கள் ஆறு பேரும் வந்து இறங்கினார்கள். பார்க்கவே ஆசையாக இருந்தது கைலாசத்துக்கு. எல்லோருக்கும் நெடிய கைகள், பளிச்சென்ற வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலணி. விக்டரி கிளப் விருந்தாளியைச் சும்மா விடுமா? முதல் ஆட்டத்துக்கு முன்னால் தலைவர் தர்மகர்த்தாவாக இருக்கும் கோயிலில் அவர்களுக்கு மரியாதை என்று ஏற்பாடு. மார்க்கருக்கு மரியாதை கிடையாது. அவன் கோபுர வாசலில் உட்கார்ந்து ஆறு ஜோடிக் காலணிகளைக் காவல் காக்க வேண்டும்.

அக்னி நட்சத்திரம். உச்சி வெயில். ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் கல் பாவிய வெளிப் பிராகாரத்தில் யாரும் நடக்க மாட்டார்கள். நடந்தே ஆக வேண்டுமென்றால் மதில் நிழலில் ஓட்டமாக ஓடுவார்கள். மரியாதை வாங்குகிறவர்கள் ஓட முடியுமா? தலையில் பரிவட்டம், கழுத்தில் மாலை, முன்னால் நாதஸ்வரம். நாதஸ்வரக்காரர் ராகத்தை விஸ்தாரமாக வாசிக்கிறவர். முதல் மரியாதைக்காரர் என்பதால் தலைவர் நடக்க மட்டும் நனைத்த கோணி விரித்துக்கொண்டே போனார்கள். அவர் தாண்டியதும் கோணியைச் சுருட்டி மறுபடி முன்னால் கொண்டுபோய் விரித்தார்கள். பின்னால் வந்த ஆறு பேருக்கும் வெறும் கல்.

போகும்போது சிரித்துக்கொண்டு போனவர்கள் திரும்பும்போது கோழி மாதிரி ஒற்றைக் காலைத் தூக்கித் தூக்கி வந்தார்கள். கைலாசம் காலணிகளை நீட்டினான். ஒருவராலும் போட்டுக்கொள்ள முடியவில்லை. உள்ளங்கால் பூராவும் கொப்புளம். கைலாசம் ஓடிப்போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அவர்கள் காலில் ஊற்றினான். தலைவர் திட்டம் போட்டுத்தான் இதைச் செய்தார் என்று சொல்ல முடியாது. மற்றவர்களுக்கும் கால் இருக்கிறது என்ற யோசனையே அவருக்கு வந்திருக்காது.

அன்று சாயங்காலமே நாலு பேர் விலகிக்கொண்டார்கள். பம்பாய்க்காரர் ஒருவரும் ஹைதராபாத்காரர் ஒருவரும் மட்டும் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு தங்கினார்கள். விலகிய நால்வரும் நாலு ஜோடிகளில் ஜோடிக்கு ஒருவராக இருந்தது கடவுள் செயல் என்றார் ராமலிங்கம். முதல் சுற்றின் நாலு ஆட்டங்களும் ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் முடிந்தன. கைலாசம் ஜெயித்தான். தலைவரும் ஜெயித்தார். "இவ்வளவு தரமான முதல் சுற்றை இந்தியா கண்டதில்லை" என்று காரியதரிசி ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

அரையிறுதியில் கைலாசத்துக்கு ஹைதராபாத்காரர், தலைவருக்குப் பம்பாய்க்காரர். தலைவர் ஆட்டம்தான் முதலில். நல்ல கூட்டம். உறுப்பினர்கள் நாற்காலியில், ஊர்க்காரர்கள் கம்பி வேலிக்கு வெளியே. ஆட்டம் தொடங்குமுன் தலைவருக்கு மாலை போட வேண்டும். மாலை கொண்டுவந்த ஆள் கிளப்புக்குப் புதிது. உயரமாக, சிவப்பாக, இஸ்திரி மடிப்போடு நின்ற பம்பாய்க்காரரைப் பார்த்ததும் பெரிய மனிதர் இவர்தான் என்று அவர் கழுத்தில் போட்டுவிட்டான்.

உறுப்பினர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். பம்பாய்க்காரர் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று புரிந்து, சிரித்தபடி மாலையைக் கழற்றித் தலைவரிடம் நீட்டினார். தலைவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். கமிட்டி அங்கேயே நின்றபடி கூடியது.

"மொதல் மாலைய வாங்கிக்கினது தப்பு" என்றார் ஒருவர்.

"வாங்கினதக் கழட்டினாரே?"

"அது அதவிடத் தப்பு. கழுத்துல பட்ட மாலையத் தலைவருக்குக் குடுக்கறதா? தலைவர் இன்னா, ரெண்டாவது மரியாதைக்காரரா?"

ராமலிங்கம் ஒலிபெருக்கியைப் பிடித்தார். மேற்படி ஆட்டக்காரர் மாலையை ஏற்றதாலும், ஏற்ற மாலையைக் கழற்றியதாலும், இரு வகையிலும் ஒழுங்கீனமாக நடந்துகொண்டபடியால் போட்டியிலிருந்து நீக்கப்படுகிறார். தலைவர் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றார். உறுப்பினர்கள் கை தட்டினார்கள். பம்பாய்க்காரர் இந்தக் கும்பலை ஒரு முறை சுற்றிலும் பார்த்தார், மாலையை வலைமேல் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே போய்விட்டார்.

இதைப் பார்த்த ஹைதராபாத்காரர் தன் மட்டைகளைப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தார். கைலாசம் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். பாவு நூல் வாங்க வருகிற தெலுங்குக்காரர்களிடம் பழகிய அரைகுறைத் தெலுங்கில் கெஞ்சினான். ஒரே ஒரு செட் போதும், தோற்கடித்துவிட்டுப் போங்கள் என்றான். அந்த மனிதர் காலைத் தூக்கிக் காட்டினார். சுற்றியிருந்த துணி சிவந்திருந்தது.

"வொத்து பாபூ, வொத்து" என்றார். வேண்டாமப்பா என்று சொன்ன விதத்தில் கால் வலி மட்டும் இல்லை. அருவருப்பும் இருந்தது.

ஆக, அகில இந்தியத் தொழில்முறைப் போட்டியின் இறுதி ஆட்டம், விக்டரி கிளப் தலைவருக்கும் விக்டரி கிளப் மார்க்கருக்கும் என்று முடிவாயிற்று. ஒரு பந்துகூட அடிக்காமல் இரண்டு பேரும் அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள்.

இறுதி ஆட்டத்தன்று விடியலில் கைலாசம் கோடு போட்டான். சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து, கயிறு பிடித்து, பிசிறில்லாமல் போட்டான். காரியதரிசி வந்து பக்கத்தில் நின்றார்.

"கைலாசம், வழக்கம்போலத்தானே?"

"இது போட்டிங்களாச்சேய்யா."

"அதனாலதான் கேக்கறேன்."

கைலாசம் கயிற்றைச் சுருட்டினான். "இன்னிக்கு ஆடறேங்கய்யா" என்றான். தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவனுக்கே ஆச்சரியம். ராமலிங்கம் கோட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

வேலிக்கு வெளியே நெசவுத் தெருவே வந்து நின்றது. தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். முன்னால் கலாவதி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உயர்ந்த நாற்காலியில் நடுவராக ராமலிங்கம். கோட்டுக்குக் கோடு ஒரு கமிட்டி உறுப்பினர்.

கைலாசம் பந்தைத் தூக்கிப் போட்டு அடித்தான். இத்தனை வருஷம் கட்டி வைத்திருந்த கையை முழுதாக அவிழ்த்துவிட்டு அடித்தான். பந்து மூலைக் கோட்டில் விழுந்து சுண்ணாம்பு குப்பென்று பறந்தது. தலைவர் அது போனதையே பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே ஒரே கூச்சல்.

"அவுட்" என்றார் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்.

"சுண்ணாம்பு பறந்துச்சேய்யா!" என்றான் கைலாசம்.

"காத்துல பறந்திருக்கும்" என்றார் ராமலிங்கம் மேலேயிருந்து. ஒரு இலைகூட அசையவில்லை.

சரி என்று கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே அடித்தான். அவுட். இன்னும் உள்ளே அடித்தான். அவுட். தூங்கிக்கொண்டிருந்த ஒரு உறுப்பினர் பந்து சத்தத்தில் விழித்துக்கொண்டு, அது எங்கே விழுந்தது என்று பார்க்காமலே அவுட் என்று கத்திவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். மைதானத்தின் நட்ட நடுவில், தலைவர் காலுக்கு முன்னால் குத்தி அடித்தான். அதை அவுட் என்று சொல்ல அவர்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "தலைவர் தயாராக இல்லை, மறுபடி" என்றார் ராமலிங்கம். தலைவர் இளநீர் குடித்துத் தயாராகிற வரைக்கும் கைலாசம் பந்து பொறுக்கினான். தலைவர் அடித்த பந்து வலையில் விழுந்தால், வலை உயரமாகக் கட்டியிருக்கிறது, மார்க்கரின் தவறு, புள்ளி தலைவருக்கு.

வேலிக்கு வெளியே முதலில் கத்தினார்கள், அப்புறம் திட்டினார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் சத்தமே இல்லை. ஒவ்வொருவராகத் தறிக்குத் திரும்பிப் போனார்கள். கலாவதி மட்டும் கம்பியை விடவில்லை. கைலாசம் அவளைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான். ஆடிக்கொண்டேதான் இருந்தான். தன் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவன் ஆடியதில்லை.

முடிவில் ராமலிங்கம் அறிவித்தார். முதல் செட் ஆறுக்கு நாலு. இரண்டாவது செட் ஆறுக்கு நாலு. வெற்றி தலைவருக்கு. அந்த நாலு எங்கிருந்து வந்தது என்று கைலாசத்துக்குப் புரியவில்லை. தப்பித் தவறிக்கூட அவனுக்கு யாரும் நாலு கேம் கொடுக்கவில்லை. காரியதரிசியின் கை பழக்கதோஷத்தில் எழுதிவிட்டது போலிருக்கிறது.

வெள்ளிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு தலைவர் பேசினார்.

"நம்ம கைலாசம் இன்னிக்கு நல்லா மொயற்சி பண்ணான். அத நான் மறைக்க மாட்டேன். ஆனா ஒரு உண்மையச் சொல்லணும். இத்தினி வருசமா தெனம் காலைல அவனுக்கு நாலு கேம் விட்டுக் குடுத்துக்கினு வரேன். அவனும் மனுசன்தான, மனசு ஒடிஞ்சிடக் கூடாதுன்னு. இன்னிக்கு இறுதி ஆட்டம்னுகூடப் பாக்காம அதே நாலக் குடுத்தேன். விளையாட்டுல பெருந்தன்மைதாங்க முக்கியம்."

கைலாசம் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் ஆறை விட்டுக் கொடுப்பவன் தான் என்று அவன் நினைத்திருந்தான். அது ஒன்றுதான் இந்த வேலையில் அவனுடைய மானம். தோற்கிறேன், ஆனால் நானாகத் தோற்கிறேன். அந்த மனிதரோ நாலை விட்டுக் கொடுப்பவர் தாம் என்று நினைத்திருக்கிறார். பொய்கூட இல்லை, நம்புகிறார். கைலாசம் வேலியோரம் போய்க் காறித் துப்பினான்.

கலாவதி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். "சுண்ணாம்பு பறந்துச்சுய்யா" என்றாள். "நான் பாத்தேன்."

மறுநாள் காலை தலைவர் வழக்கம்போல வந்தார். கைலாசமும் வந்தான். முதல் பந்தை மெதுவாக வலையில் அடித்தான். இரண்டாவதையும் வலையில் அடித்தான். தலைவர் போட்ட பந்து பக்கத்தில் வந்தபோது மட்டையை மரியாதையாக ஒதுக்கிக்கொண்டான். இளநீர் வெட்டி முடிப்பதற்குள் ஆறுக்கு சைபர். தலைவர் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

"இன்னாப்பா இது, ஆடவே மாட்டேன்றே?"

"நீங்க விட்டுக் குடுக்கற நாலு எனக்கு வேணாங்கய்யா. அத வாங்கிக்கினு இருந்ததே தப்பு."

அடுத்த நாளும் ஆறுக்கு சைபர். அதற்கடுத்த நாளும் அதுவேதான். தலைவர் ஆசைப்பட்ட வெற்றி தினமும் முழுசாகக் கிடைத்தது. ஆனால் பந்து அவர் மட்டைக்குத் திரும்பி வரவே இல்லை. இடுப்பு உயரத்துக்கு, கைக்கு எட்டும் தூரத்துக்கு, பதமாகப் பந்து அனுப்ப ஊரில் வேறு ஆள் கிடையாது. சர்க்கரை ஏறியது. டாக்டர் திட்டினார். மார்க்கரை வேலையை விட்டு நீக்கலாமா என்று பார்த்தார்கள். தோற்றான் என்ற குற்றத்துக்காக ஒரு மார்க்கரை எப்படி நீக்குவது என்று ராமலிங்கத்துக்கே தெரியவில்லை.

கடைசியில் கமிட்டி கூடி ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. கைலாசத்தைக் கூப்பிட்டு நிறுத்தி, ராமலிங்கம் எழுந்து நின்று படித்தார். மேற்படி மார்க்கர் இன்று முதல் நாள்தோறும், தவறாமல், கூடாமலும் குறையாமலும் நாலு கேம் ஜெயிக்க வேண்டியது. தலைவர் அவன் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"இன்னாப்பா, ஜெயிக்கிறியா?"

கைலாசம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான்.

"நாளைக்கே ஜெயிக்கறேங்கய்யா. கோட்டுக்குக் கோடு கமிட்டி ஆளுங்கள மட்டும் அனுப்பி வைங்க. அவங்க இல்லாம இந்தக் கிளப்புல யாருய்யா ஜெயிக்க முடியும்?"